குரலுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்முறை எதைப் பற்றிப் பேசலாம் என்று செயற்குழுவில் ஆலோசனை நடந்தபோது ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் ஆண்டுதோறும் கேட்கிறோம். வியாபாரத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே. நாங்கள் படித்து முடித்துப் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்டார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நாம் சுளிக்கவில்லை, ஏனெனில் அந்தப் பிள்ளை அவ்வாறு கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பிறகு சொல்லுகிறோம்.

நமது கரையோரத்தைப் பாருங்கள். பெரியநீலாவணையில் தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் வருகிற வெளியூரவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கல்முனைப் பசாரில் நாம் துணி வாங்குகிற கடைக்காரர் இன்னார், அவருடைய வாப்பா இன்னார், அவர் எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார், மகளை எங்கே கட்டிக் கொடுத்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி அவருக்கும் அப்படியே. தயிர்ச் சட்டி கொண்டு வருபவரையும், விடியலில் மீன் கொண்டு வருபவரையும் அவர் கூவுகிற குரலைக் கொண்டே இன்னார் என்று சொல்லிவிடுவோம். மீன் பழுதானால் மறுநாள் அந்தக் குரலை மறித்து, "காக்கா, நேற்று என்ன தந்தீங்க?" என்று கேட்கலாம். அவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது வேறொரு குரல் வந்திருக்கிறது. அது கைத்தொலைபேசிக்குள்ளிருந்து வருகிறது. இதை வாங்கு, அதை விற்கக் கற்றுக்கொள், முப்பது நாளில் முதலாளியாகு என்கிறது. அதை மறித்துக் கேட்க வழியில்லை. அதற்கு வாப்பா யார், ஊர் எது என்று தெரியாது. ஆகவே, விற்பனைக் கலையை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர்கள் யார், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எதை விற்றார்கள், யார் அவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள் என்பதை இன்று சிறிது ஆராய்ந்து பார்ப்போம் என்று எண்ணினோம்.

முகம் தெரியாத குரல் என்பது நமது மூத்தவர்களுக்குப் புதிதல்ல. முன்வரிசையில் இருக்கிற ஐயாமார் எல்லோரும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. அதைக் கட்டி எழுப்பியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் என்பவர். அக்காலத்தில் இந்தியாவில் அகில இந்திய வானொலி விளம்பரம் ஏற்பதில்லை. 1952இல் கேஸ்கர் என்ற அமைச்சர் வந்தபின் சினிமாப் பாட்டுக்கும் அங்கே கதவு சாத்தப்பட்டது. பாட்டுக் கேட்க விரும்பிய கோடிக்கணக்கான மக்கள் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பினார்கள். காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ, சவர்க்காரக் கம்பனியும் பற்பசைக் கம்பனியும் அந்தப் பக்கம் திரும்புவது இயல்புதானே. பாட்டு இலவசம் என்று நாம் நினைத்தோம். இடையிடையே வந்த பற்பொடி விளம்பரத்தின் காசில்தான் அந்தப் பாட்டு ஒலித்தது.

வர்த்தக சேவையின் தமிழ்க் குரலாக முதலில் புகழ் பெற்றவர் எஸ். பி. மயில்வாகனன். பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் வந்தார்கள். தமிழ்நாட்டின் குக்கிராமத்திலும் இவர்களுடைய பெயர் தெரியும். ஆனால், முகம் தெரியாது. ஹிந்தியிலே அமீன் சயானி என்பவர் 1952 முதல் 'பினாகா கீத்மாலா' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். பினாகா என்பது ஒரு பற்பசை. நிகழ்ச்சியைப் பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். இங்கிருந்து அது இந்தியா முழுவதும் போய்ச் சேரும். தொடக்கத்தில் வாரத்துக்கு 25 ரூபா சம்பளத்துக்கு எழுதுவது, பேசுவது, வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் தாமே செய்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தேசம் முழுவதையும் கட்டிப் போட்ட குரலுக்குச் சொந்தக்காரர் மாதம் நூறு ரூபாக் கூலிக்காரர்! 2024இல் அவர் காலமானபோது அவரை நினைத்து அழுதவர்களில் எத்தனை பேர் அந்தப் பற்பசையால் பல் துலக்கினார்களோ, அது வேறு விஷயம்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். வானொலிக் குரலுக்கு ஒரு நிலையம் இருந்தது, அதற்கு ஒரு முகவரி இருந்தது. பொருள் பிழைத்தால் எழுதிக் கேட்க ஓர் இடம் இருந்தது.

தமிழரிலே விளம்பரக் கலையில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால், நாம் எஸ். எஸ். வாசன் அவர்களையே சொல்லுவோம். 'சந்திரலேகா' படம் எடுத்த வாசன் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். விளம்பர முகவர் வாசன் என்றால் பலருக்குத் தெரியாது. திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத் தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். கல்லூரிப் படிப்பு முற்றுப் பெறவில்லை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். கடை கடையாக ஏறி இறங்கி, "ஐயா, உங்கள் சரக்கைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நாலு வரி போடுங்கள்" என்று கேட்கிற தொழில். இதைச் செய்தவருக்கு இரண்டு பாடம் தானாக வரும். கடைக்காரன் எதற்குக் காசு கொடுப்பான் என்பது ஒன்று. வாசகன் எதைப் பார்த்து நிற்பான் என்பது மற்றொன்று.

அவர் விளம்பரம் கொடுத்து வந்த பத்திரிகைகளில் ஒன்று 'ஆனந்த விகடன்'. 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கியது. நடத்த முடியாமல் அது தள்ளாடியபோது, 1928இல் வாசன் அதை 200 ரூபாவுக்கு வாங்கினார். பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபா வீதம் எட்டு எழுத்துக்கு 200 என்று ஒரு கதை சொல்லுவார்கள். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. இங்கிருக்கிற சிறுவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 200 ரூபாப் பத்திரிகையைத் தமிழர் வீடுதோறும் கொண்டு போய்ச் சேர்த்தார். அதற்கு அவர் கையாண்ட உபாயங்களில் குறுக்கெழுத்துப் போட்டியும் ஒன்று. பரிசுக்காகப் பத்திரிகை வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். இந்த உபாயத்தைப் பற்றி எமக்கு மனம் முழுவதும் ஒப்பவில்லை. ஏழைக் குமாஸ்தா பரிசு விழும் என்று நம்பிக் காசைக் கட்டுவது நல்ல பழக்கமல்ல. ஆயினும், போட்டிக்காக வாங்கியவன் கையில் கல்கியின் எழுத்தும் சேர்ந்து போயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. கல்கி அவர்கள் 1941இல் வெளியேறித் தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கும் வரை விகடனில்தான் எழுதினார். தூண்டிலில் வைத்த இரையே நல்ல உணவாக இருந்தது என்று சொல்லலாமோ என்னவோ.

1948இல் 'சந்திரலேகா' வெளிவந்தது. தமிழ்ப் படத்தை ஹிந்தியிலும் எடுத்து வடநாடு முழுவதும் ஓட்டிக் காட்டினார். அதுவரை எந்தத் தென்னாட்டுப் படத்துக்கும் செய்யாத அளவு விளம்பரம் செய்தார். முரசுகளின் மேல் நின்று ஆடுகிற நடனக் காட்சியை இன்றும் பேசுகிறார்கள். இங்கே வாசனுடைய இரகசியத்தைப் பார்க்க வேண்டும். அவர் பெரிதாகக் கூவினார் என்பது உண்மை; ஆனால் கூவுவதற்கு முன் முரசைச் செய்து வைத்தார். வெறும் கையோடு நின்று கூவவில்லை. விளம்பரத்தில் வாசன் என்ற பெயரும் இருந்தது. படம் தோற்றால் அவமானம் யாருக்கு என்பது ஊருக்குத் தெரியும். 1969இல் காலமாகும் வரை அந்தப் பொறுப்பை அவர் சுமந்தார்.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. தலையிடி வந்தால் நாம் நெற்றியில் பூசுகிற அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய காசீநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. சங்கீதக் கச்சேரி நடக்கிற இடங்களில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். அதில் வந்த பணத்தைக் கொண்டு 'ஆந்திர பத்திரிகை'யை நடத்தினார்; சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார். இலவசமாகக் கொடுத்தால் மருந்து பிழையா சரியா என்பது அன்றிரவே தெரிந்துவிடும். சரக்கில் நம்பிக்கை உள்ளவனுக்கே அந்தத் துணிவு வரும்.

இனி மேல்நாட்டுக்குப் போவோம். விற்பனைக் கலையை நூலாக எழுதிப் பாடமாக்கியவர்கள் அங்கேதான் அதிகம். அவர்களில் ஒருவர் குளோட் ஹொப்கின்ஸ், அமெரிக்கர், 1866இல் பிறந்து 1932இல் இறந்தவர். விதவைத் தாயின் பிள்ளை; பாதிரியாராக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். 1923இல் 'விஞ்ஞான விளம்பரம்' என்ற நூலை எழுதினார். ஒரு பியர்க் கம்பனி அவரை விளம்பரம் எழுத அழைத்தது. (இந்த மேடையில் பியரை எடுத்ததற்குப் பெரியவர்கள் பொறுத்தருள்க. பாடம்தான் நமக்கு வேண்டும், பானம் அல்ல.) அவர் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தார். போத்தல்களை நீராவியால் கழுவுவதையும், நீரை ஆழ்கிணற்றிலிருந்து எடுப்பதையும், குளிர்விக்கிற அறையில் காற்றை வடிகட்டுவதையும் கண்டு வியந்தார். "இதை ஏன் நீங்கள் சனங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார். "இதில் என்ன இருக்கிறது, எல்லாக் கம்பனியும் இப்படித்தானே செய்கிறது" என்றார்கள். "எல்லோரும் செய்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லையே" என்பது ஹொப்கின்ஸின் எண்ணம். சொன்னார்; சரக்கு விற்றது.

அதே ஹொப்கின்ஸ் பெப்சோடன்ட் பற்பசைக்கும் விளம்பரம் எழுதினார். நாவினால் பல்லைத் தடவிப் பார், ஒரு படலம் தெரியும், அதுதான் அழகைக் கெடுக்கிறது என்ற கருத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பினார். தடவிப் பார்த்தவர்களுக்குப் படலம் தெரியத்தான் செய்தது. அது எல்லார் பல்லிலும் இயல்பாக உண்டாவது. வெறும் தூரிகையால் துலக்கினாலும், நமது பாட்டிமார் செய்ததுபோல் வேப்பங்குச்சியால் துலக்கினாலும் போய்விடும். இதை அவர் சொல்லவில்லை. ஒரே மனிதர், ஒரே பேனை. ஓரிடத்தில் உள்ளதைச் சொன்னார். மற்றோரிடத்தில் உள்ளதில் பாதியை மட்டும் சொன்னார். ஆகவே, 'இவர் நல்லவர், இவர் சொல்வதெல்லாம் நம்பலாம்' என்று முத்திரை குத்துவதற்கில்லை.

டேவிட் ஒகில்வியின் கதை இளைஞர்களுக்குப் பிடிக்கும். 1911இல் இங்கிலாந்தில் பிறந்தார். ஒக்ஸ்போர்டில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறினார். பரிஸ் நகரத்து ஹோட்டலொன்றில் சமையற்கட்டில் வேலை செய்தார். பின்பு ஸ்கொட்லாந்தில் 'ஆகா' என்ற சமையல் அடுப்பை வீடு வீடாகக் கொண்டு போய் விற்றார். அடுப்பைப் பற்றிச் சமையற்காரியிடம் பேச அவருக்குத் தெரிந்தது, ஏனெனில் அவரே அடுப்பங்கரையில் வெந்தவர். 1935இல் அக்கம்பனி தன் மற்ற விற்பனையாளர்களுக்காக அவரைக் கொண்டு ஒரு கைநூல் எழுதுவித்தது. பிறகு அமெரிக்கா சென்று, பொதுசன அபிப்பிராயத்தைக் கணக்கெடுக்கும் கலப் என்பவரிடம் வேலை செய்தார். சில காலம் விவசாயமும் செய்தார். 1948இல், ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில், நியூயோர்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கினார். நமது ஊரில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, "எனக்கு ஒன்றும் சரிவரவில்லை, வாழ்க்கை முடிந்தது" என்று சொல்லிக் கடற்கரையில் குந்தியிருக்கிறானே, அவனுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ரோல்ஸ் ரொய்ஸ் காருக்கு அவர் 1958இல் எழுதிய விளம்பரம் பேர் போனது. வேகமாக ஓடும்போதும் காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தின் சத்தந்தான் என்பது அதன் கருத்து. இது அவர் கண்ட கனவல்ல. அந்தக் காரைப் பற்றி மூன்று வாரம் படித்தார். மோட்டார்ப் பத்திரிகையின் ஆய்வுக் குறிப்பிலே அச்செய்தியைக் கண்டு எடுத்துப் போட்டார். மூன்று வாரம் படித்து ஒரு வரி! இன்று கைத்தொலைபேசியில் மூன்று நிமிடத்தில் முப்பது வரி எழுதுகிறார்கள். 1963இல் ஒகில்வி தம் தொழில் இரகசியங்களை வெளிப்படையாக நூலாக எழுதினார். 'ஒரு விளம்பரக்காரனின் ஒப்புதல்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1964இல், புகைத்தலின் கேட்டைப் பற்றி அமெரிக்க அரசின் தலைமை வைத்தியர் அறிக்கை வெளிவந்த ஆண்டில், புதிய சிகரெட் விளம்பரங்களை ஏற்பதில்லை என்று அவருடைய நிறுவனம் தீர்மானித்தது. எல்லோரும் புகழத்தக்க காரியம்.

சிகரெட் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. எட்வர்ட் பெர்னேஸ். 1891இல் வியன்னாவில் பிறந்து, 1995இல் 103 வயதில் அமெரிக்காவில் இறந்தவர். மனோதத்துவ அறிஞர் பிராய்டின் மருமகன் முறையானவர். 1920களில் அமெரிக்கப் பெண்கள் தெருவில் புகைப்பதில்லை, அது இழுக்கு. புகையிலைக் கம்பனிக்கு அது நஷ்டம். கம்பனி பெர்னேஸை அமர்த்தியது. 1929இல் ஈஸ்டர் திருநாள் அன்று நியூயோர்க்கின் பெரிய வீதியில் நடந்த ஊர்வலத்தில் இளம் பெண்கள் சிலர் சிகரெட் பற்ற வைத்தார்கள். அது பெண் விடுதலையின் சுடர் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் படம் போட்டன. தேசமெங்கும் அது பேச்சாயிற்று. பெண்கள் தாமாகவே கிளர்ந்தெழுந்தார்கள் என்று சனங்கள் எண்ணினார்கள். கம்பனியின் பெயர் எங்குமில்லை. பெர்னேஸின் பெயரும் எங்குமில்லை.

அன்பர்களே, இதைச் சற்று நிறுத்தி யோசியுங்கள். பெண் விடுதலை என்பது உயர்ந்த கொள்கை. அந்தக் கொள்கைக்குள் புகையிலைக்காரன் ஒளிந்து நின்றான். மயில்வாகனனின் குரலுக்குப் பின்னால் யார் காசு கொடுத்தார்கள் என்பது நிகழ்ச்சியின் பெயரிலேயே தெரியும். இங்கே அதை வேண்டுமென்றே மறைத்தார்கள். எமது கருத்தில் விளம்பரம் பாவமல்ல. மறைத்து நிற்கிற விளம்பரந்தான் பாவம். வீட்டிலே பெர்னேஸ் என்ன செய்தார் தெரியுமா? தம் மனைவி புகைப்பதை நிறுத்த வேண்டும் என்று அவருடைய சிகரெட்டுகளைத் தேடி எடுத்து முறித்துப் போடும்படி மகள்மாருக்குச் சொன்னாராம். பிற்காலத்தில் புகைத்தலுக்கு எதிரான இயக்கத்துக்கும் உதவினார். அதற்குள் எத்தனை வீட்டுத் தாய்மாருக்கு நெஞ்சு வருத்தம் வந்ததோ.

இப்போது தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருவோம். அந்த இளைஞர் எமது அனுமதி கேட்டு, "என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள், ஐயா, மற்றவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும்" என்றார்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தார். கைத்தொலைபேசியில் வியாபாரம் கற்பிக்கிற ஒருவரின் பேச்சைக் கேட்கத் தொடங்கினார். பேச்சு இனிமையானது, தன்னம்பிக்கை ஊட்டுவது. காலையில் எழும்பு, பெரிதாக நினை, பயப்படாதே என்றெல்லாம் சொல்லப்பட்டது. மூன்று மாதம் கேட்டபின், அதே ஆள் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். கூட்டத்தில் 45,000 ரூபா கட்டினால் உறுப்பினராகலாம் என்றார்கள். பிறகு இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். காசு மேலே வரும். தாயாரின் காப்பு அடகுக்குப் போயிற்று. பையன் தன் மச்சானையும் பக்கத்து வீட்டு நண்பரையும் சேர்த்தார். நாலு மாதத்தில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. மச்சான் இப்போது இவருடன் பேசுவதில்லை. காப்பைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் நாலு பேராகி, நாலு எட்டாகிப் பெருகினால், பதினேழாம் படியில் மட்டும் 1,31,072 பேர் வேண்டும். கல்முனை மாநகரத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்தான், தொட்டிற் பிள்ளை உட்பட. இருபத்தைந்தாம் படியில் 3 கோடியே 35 இலட்சத்துக்கு மேல் வேண்டும். இலங்கை முழுவதிலும் ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சம் பேரே இருக்கிறார்கள். ஆகவே, கீழே நிற்பவன் எப்போதும் ஏமாறத்தான் வேண்டும். அதுவே அதன் அமைப்பு. இத்தகைய கூம்புத் திட்டங்கள் நமது நாட்டில் வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. இதை நடத்துவது குற்றம். மத்திய வங்கி இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பிள்ளைக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாமும் சொல்லவில்லை.

அப்படியானால், படித்த பிள்ளை எப்படி விழுந்தார்? அமெரிக்கப் பேராசிரியர் ரொபேர்ட் சியால்டினி என்பவர் இதே கேள்வியைக் கேட்டு, ஏறத்தாழ மூன்று வருடம் பழைய கார் விற்போர், நன்கொடை சேகரிப்போர், தொலைபேசியில் விற்போர் முதலியோரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து உள்ளிருந்தே பார்த்தார். 1984இல் அதை நூலாக எழுதினார். இலவசமாக ஒன்றைக் கொடுத்தால் வாங்கியவன் மனதில் கடன்பட்ட உணர்ச்சி வரும். நாளையோடு முடிகிறது என்றால் அவசரம் வரும். உன்னைப் போன்றவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றால் பயம் போய்விடும் என்று அவர் காட்டினார். நமது பிள்ளையிடம் இம்மூன்றும் பிரயோகிக்கப்பட்டன. மூன்று மாத இலவசப் பேச்சு, 'இன்றிரவு வரைதான்', 'சாய்ந்தமருதிலிருந்து இருபது பேர்' என்று. அந்த இருபது பேரில் ஒருவரையும் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

விற்பனை பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். சேத் கோடின் என்ற அமெரிக்கர் இருக்கிறார். நாள்தோறும் சிறு குறிப்பு ஒன்று எழுதுபவர். ஒருவருடைய கவனத்தைப் பறிக்காதே, அனுமதி கேட்டுப் பெறு என்பதே 1999இல் அவர் எழுதிய நூலின் சாரம். வாசற்படியில் நின்று "உள்ளே வரலாமோ?" என்று கேட்பது நமக்குப் பழகிய மரியாதைதான். அதை ஒரு தொழில் முறையாக எழுத அமெரிக்கர் ஒருவர் வேண்டியிருந்தது!

அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்டது இவ்வளவுதான். "உனக்குக் கற்பித்தவர் முன்பு எதை விற்றார்?" தெரியாது என்றார். "அவருடைய கடை எது, சரக்கு எது?" தெரியாது. "உன் காசைத் தவிர வேறு எந்த வழியில் அவருக்கு வருமானம்?" சிறிது நேரம் தலை குனிந்து நின்றார். ஒகில்வி அடுப்பு விற்றார். வாசன் விளம்பரம் சேகரித்துக் கடைப்படி ஏறினார். ஹொப்கின்ஸ் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தார். இந்த ஆள் விற்றது விற்கலாம் என்ற ஆசையை மட்டுந்தான்.

பிள்ளையைக் கடிந்து விட்டுவிட்டால் போதுமா? அவருக்கு விற்கிற கலையில் உண்மையான ஆர்வம் இருக்கிறது. ஆகவே, நமது சங்கத்து இளைஞர் நால்வர் அவரையும் கூட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனோம். மருதமுனைக் கைத்தறியின் பெருமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். 1977க்குப் பின் இறக்குமதித் துணி வந்து குவிந்தது. பல தறிகள் ஓய்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் வந்து எஞ்சியவற்றையும் அடித்தது. அப்படியும் நெய்கிறார்கள். எமக்குப் பழக்கமான ஒரு முதிய நெசவாளர் இருக்கிறார். நாம் காக்கா என்று அழைப்போம். அவருடைய சாரன்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தருகிறோம், கூலி வேண்டாம் என்றோம். "எழுதுங்க தம்பி, பார்ப்பம்" என்றார்.

நமது இளைஞர்கள் முதலில் எழுதிக் கொண்டு போனது: 'உலகத் தரம் வாய்ந்த, ஈடு இணையற்ற, அதிசயச் சாரன்'. காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இது ஆர்ர சாரன் தம்பி? எண்ட சாரன் மாதிரி இல்லையே" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவரோடு இரண்டு நாள் இருந்து பார்த்தார்கள். நூலுக்குச் சாயம் போடுவதைப் பார்த்தார்கள். பாவு ஓட்டுவதைப் பார்த்தார்கள். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகே மீண்டும் ஓட்டுகிறார் என்பதைக் கண்டார்கள். அதையெல்லாம் எழுதினார்கள். ஹொப்கின்ஸைப் பற்றி அப்போது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தாமாகவே அந்த வழிக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது பிரதியை வாசித்துவிட்டுக் காக்கா ஒரு திருத்தம் சொன்னார். 'சாயம் போகவே போகாது' என்ற வரியை வெட்டச் சொன்னார். "முதல் ரெண்டு கழுவலுக்குக் கொஞ்சம் சாயம் போகும். வெள்ளை உடுப்போட சேர்த்துத் தோய்க்கப்படாது. அதைப் போடுங்க" என்றார். காப்பை இழந்த பிள்ளை, "அப்படிப் போட்டால் யார் வாங்குவான், காக்கா?" என்று கேட்டார். "போடாட்டி வாங்கினவன் திரும்ப வரமாட்டான். திட்டத்தான் வருவான். எண்ட வீடு அவனுக்குத் தெரியும் தானே" என்று சொல்லிவிட்டு அவர் தறிக்குத் திரும்பினார்.

அந்தப் பிரசுரத்தை அந்தப் பிள்ளையே மீண்டும் தன் கையால் எழுதினார். அடியிலே நெசவாளரின் பெயரும் வீட்டு முகவரியும் உண்டு. எழுதியவர் பெயரும் உண்டு. சென்ற மாதம் அச்சிட்டோம். வாசலில் உள்ள மேசையில் பிரதிகள் இருக்கின்றன; பக்கத்தில் பதினெட்டுச் சாரன்களும் இருக்கின்றன. அவருடைய மச்சான் இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். எங்கே இருக்கிறார் என்று நாம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.